ரெண்டு பக்கெட் நல்ல தண்ணி

கார் இருக்குதுங்க. இல்லாமயெல்லாம் இல்லீங்க. கையில கார் சாவிய வெச்சுக்கிட்டு பஸ்ல ஒக்காந்திருக்கறானே, இவன் கிறுக்கனான்னு நீங்க பாத்தீங்க பாருங்க ஒரு பார்வை, அதுலயே புரிஞ்சு போச்சு. காத்தால அஞ்சரைக்கு எந்திரிச்சுக் கழுவித் தொடச்சுக் கவர் போட்டு வெச்சிருக்கறேனுங்க. அவிநாசி தாண்டினா குழாய் பதிக்கறாங்க, ஒரே புழுதி. தொடச்ச காரை அதுக்குள்ள கொண்டு போயி உட்டா மனசு கேக்குங்களா? அதான் பஸ்ஸு.

கோபிக்குத்தானுங்க. அங்க என்ற மச்சான் ஊடு. என்ற சம்சாரம் அங்கதான் இருக்கறா. கோவிச்சுக்கிட்டுப் போயி இன்னியோட பதினேழு நாளாச்சு. கூட்டிட்டு வரத்தான் போறேன். வருவாளா மாட்டாளான்னு தெரியலீங்க. போன் போட்டா எடுக்க மாட்டேங்கறா. மச்சான் எடுத்து, "இருங்க மாப்பிள்ள, கொஞ்சம் ஆறட்டும்"கறாரு. பதினேழு நாளா ஆறாம அப்படி என்னத்தைப் பண்ணிப்போட்டேன் நானு?

நீங்களும் கோபிதானுங்களா? அப்பச் செரி. உங்களுக்கும் நம்ம வயசுதான் இருக்கும். நீங்களே கேட்டுப்போட்டு நாயத்தைச் சொல்லுங்க.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. பம்புசெட்டு கம்பெனியில முப்பத்தொரு வருசம் குவாலிட்டி செக்கிங். வார்ப்புல மயிரிழை விரிசல் இருந்தாலும் என்ற கண்ணுக்குத் தப்பாது. ரிடையர் ஆகி வாங்கின காருங்க அது. கருப்பு. ஷோரூம்காரரே சொன்னாரு, "சார், கருப்புல எல்லாங் காட்டிக் குடுத்துரும், வெள்ளை எடுத்துக்கங்க"ன்னு. நமக்கு என்னங்க மறைக்கறதுக்கு இருக்குது? கருப்பே எடுத்துட்டேன்.

கோயமுத்தூருல எங்க வீதிக்கு ரெண்டு தண்ணிங்க. போர்த் தண்ணி உப்பு. மோட்டாரைப் போட்டா எந்நேரமும் வரும். நல்ல தண்ணி வாரத்துக்கு ஒருக்கா. சமையக்கட்டுக்குப் பின்னால ஒரு நீல டிரம்மு வெச்சிருக்கறோம். அதுல புடிச்சு வெச்சுக்கிட்டு சாந்தாமணி, அதானுங்க என்ற சம்சாரம், சொம்பு சொம்பா எடுத்துப் பொழங்குவா. காப்பிக்கு, சோத்துக்கு, பருப்புக்கு. குடிக்கறதுக்குத் தனியா குடத்துல. வேற எதுக்காச்சும் அந்த டிரம்முல யாராவது சொம்ப உட்டாங்கன்னா தொலைஞ்சாங்க. கைகழுவப் போன மாப்பிள்ளையையே ஒருக்கா வெரட்டி உட்டிருக்கறா, அதுவும் தலை தீபாவளியன்னிக்கு.

செரி, விசயத்துக்கு வர்றேன். மாசி மாசம் ஒரு நாள். காரைக் கழுவி, துண்டுல தொடச்சு, வாசல்ல நிறுத்தி அழகு பாத்துட்டு நிக்கறேன். எதுத்தவூட்டு தெய்வசிகாமணி வாத்தியாரு நடை போயிட்டு வந்தவரு நின்னாரு. குனிஞ்சு பானெட்டைப் பாத்தாரு. "ஏனுங்க நாச்சிமுத்து, காருக்கு அம்மை போட்டிருக்குதுங்களா? வேப்பந்தழையக் கட்டி வைங்க"ன்னு சொல்லிப்போட்டு அவரு பாட்டுக்குப் போயிட்டாருங்க. லொள்ளு! எங்கூருக்காரங்களுக்கு அது கூடவே பொறந்தது.

வெயில் ஏறினதும் நானும் பாத்தேன். அந்தாளு சொன்னது நெசந்தான். கருப்பு மேல வெள்ளை வெள்ளையாப் பொட்டு. தண்ணி காஞ்சு போச்சு, உப்பு நின்னு போச்சு. ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு வட்டம். எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கலீங்க. முப்பத்தொரு வருசம் அடுத்தவன் வேலையில குத்தம் கண்டுபுடிச்சவனுங்க நானு. என்ற வாசல்ல நின்னு ஒருத்தன் என்ற காருல குத்தம் சொல்லிட்டுப் போறதா?

அன்னையில இருந்து வேற வேலையே இல்ல. மொதல்ல தேங்காப்பூத் துண்டு. அது தண்ணியக் குடிக்கும், ஆனா பூராப் பஞ்சையும் காருல ஒட்டி உட்டுரும். அப்பறம் பேப்பரு. கண்ணாடிக்கு நல்லா இருக்குது, பெயிண்டுல கோடு உழுகுது. அப்பறம் மைக்ரோஃபைபர் துணி, ரெண்டு. அதுதான் செரிங்க. அதையும் தேய்க்கப்படாது. விரிச்சுப் போட்டு மெதுவா இழுக்கோணும், இல்லாட்டி ஒத்தி எடுக்கோணும். வட்டமாச் சுத்தவே கூடாது. மொதல்ல மேல்கூரை, அப்பறம் கண்ணாடி, பானெட்டு, கடைசியாத்தான் கதவு. கீழ இருந்து ஆரம்பிச்சீங்கன்னா மேல இருக்கற தண்ணி எறங்கி, தொடச்சதையெல்லாம் பாழ் பண்ணிப்போடும். நெழல்ல நிக்க வெச்சுத்தான் கழுவோணும். வெயில் வந்தா நீங்க தொடைக்கறதுக்குள்ள வெயில் தொடச்சுரும்.

இத்தனையும் பண்ணியும் சைடு கண்ணாடிக்குள்ளயும் கதவுக் கைப்பிடிக்குள்ளயும் ஒளிஞ்சிருக்கற தண்ணி இருக்குது பாருங்க, கெரகம், எல்லாம் முடிச்சு நிமிந்ததுக்கு அப்பறம் மெதுவாக் கண்ணீர் உடும். அதுக்கு ஒரு வழி புடிச்சேன். காரை எடுத்து வீதி முக்கு வரைக்கும் ஓட்டி, சடார்னு ஒரு பிரேக்கு. உள்ள இருக்கற தண்ணி அத்தனையும் வெளிய குதிச்சுரும். திரும்பி வந்து தொடச்சுக்க வேண்டியதுதான். வீதியில இருக்கறவங்க, நான் இந்த வயசுல டிரைவிங் பழகறேன்னு நெனச்சுக்கிட்டாங்க. ஒரு அம்மா தெனமும் நான் வண்டிய எடுக்கறப்ப, கட்டி வெச்சிருந்த ஆட்டை உள்ளுக்குள்ள புடிச்சுட்டுப் போவாங்க.

அப்பிடியும் பொட்டு போகலீங்க. கொறஞ்சுது, போகல. ஏன்னா தண்ணியே உப்பு. எத்தன சீக்கிரந் தொடச்சாலும் ஒரு ஈரம் நிக்கத்தானுங்களே செய்யும்?

பங்குனியில ஒரு ஞாயித்துக்கெழமை. காருக்குச் சோப்பு போட்டு முடிச்சுட்டேன், கரண்டு போயிருச்சு. மோட்டார் ஓடாது. வெயில் வேற ஏறுது. சோப்பு காஞ்சா பெயிண்டே போயிரும். நான் என்னங்க பண்ணுவேன்? சாந்தாமணி கோயிலுக்குப் போயிருந்தா. டிரம்முல இருந்து ரெண்டு பக்கெட் நல்ல தண்ணி மோந்தேன். மேல இருந்து சலசலன்னு மெதுவா ஊத்தினேன். அட சாமி! தண்ணி நிக்கவே இல்லீங்க. போர்வை நழுவறாப்பல அப்பிடியே வழிஞ்சு எறங்கிருச்சு. மிச்சம் இருந்த சொட்டைத் துணியில ஒத்தி எடுத்தேன். வெயில்ல வெச்சுப் பாத்தேன். ஒரு பொட்டு இல்ல. என்ற மூஞ்சி தெரியுது, மூக்குக் கண்ணாடி தெரியுது, மேல போற காக்கா தெரியுது. நான் சிரிச்சேன். கார்ல இருக்கற நாச்சிமுத்தும் சிரிச்சான்.

கரண்டு வந்ததும் மோட்டாரப் போட்டு, ரெண்டு பக்கெட் போர்த் தண்ணியப் புடிச்சு டிரம்முல ஊத்தி மட்டத்தைச் செரி பண்ணி வெச்சேன். எடுத்ததைத் திருப்பி வெக்கறதுதானுங்களே மொறை?

அன்னையில இருந்து அதுதானுங்க கணக்கு. போர்த் தண்ணியில கழுவறது, கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணி. அவ வாசக் கூட்டிக் கோலம் போடறப்ப நான் பின்னால டிரம்முகிட்ட. சந்து வழியா பக்கெட்டோட வந்தா, போர்த் தண்ணின்னு நெனச்சுக்குவா. இருநூறு லிட்டர் டிரம்முல ரெண்டு பக்கெட் என்னங்க? கம்பெனியில டாலரன்ஸ்னு சொல்லுவோம். கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தா பாஸ் பண்ணலாம். வாரத்துக்கு ஒருக்கா கழுவினது, அப்பறம் மூணு தடவையாச்சு. ரெண்டு பக்கெட்டு நாலாச்சு. சித்திரையில ஊரெல்லாம் புழுதி, என்னங்க பண்றது?

தெய்வசிகாமணி வாத்தியாரு தெனமும் வந்து பாப்பாரு. ஒண்ணுஞ் சொல்ல மாட்டாரு. சொல்றதுக்கு இல்லாமப் போச்சில்லீங்க!

அந்தச் சமயத்துலதான் எங்க ஊட்டுக் காப்பிக்கு என்னமோ ஆச்சு. ஒரு மாதிரி சப்புனு, பாலு திரியறாப்பல. சாந்தாமணி பால்காரரைப் புடிச்சுக்கிட்டா. ராக்கியப்பன்னு, இருவது வருசமா ஊத்தறவரு. "அம்மிணி, என்ற மாட்டு மேல சத்தியமாத் தண்ணி கலக்கலீங்க"ன்னு அந்தாளு கையெடுத்துக் கும்புட்டாரு. அவ கேக்கல. நிறுத்திப்போட்டு பாக்கெட் பாலுக்கு மாறினா. நானும் அங்கதான் ஒக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்தேன். குறுக்க பேசலீங்க. பொம்பளைங்க பாக்கற விவகாரத்துல ஆம்பளை எதுக்கு?

அப்பறம் பருப்பு. வேகவே மாட்டேங்குது. ஆறு விசிலு, எட்டு விசிலு. மளிகைக்கடைக்காரருகிட்ட மூணு தடவை திருப்பிக் குடுத்துச் சண்டை. பழைய பருப்பத் தலையில கட்டறீங்கன்னு கடை வாசல்லயே நின்னு கத்திட்டு வந்தா. குக்கருக்குப் புதுசா ரப்பர் மாத்தினா, அப்பறம் குக்கரையே மாத்தினா. அதுலயும் வேகல.

சாந்தாமணி சமையல் சாதாரணமானது இல்லீங்க. அரிசியும்பருப்புச் சோறு ஆக்கினா வீதி முக்குல வர்றப்பவே வயிறு கேக்கும். எங்க சனத்துல கல்யாணம் காச்சின்னா, "சாந்தாமணியக் கூப்புட்டு ஒரு வாய் ருசி பாக்கச் சொல்லுங்க"ம்பாங்க. அப்பேர்ப்பட்டவ ஒரு நாள் என்ற தட்டுல போட்டுட்டு, பக்கத்துலயே ஒக்காந்து, "ஏனுங்க மாமா, எனக்குக் கைப்பக்குவம் போயிருச்சுங்களா?"ன்னு கேட்டா. கண்ணுல தண்ணி நின்னுது. எனக்கும் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. சும்மா சொல்லப்படாது. அதனால ஆறுதல் சொன்னேன். "வயசாகுதில்ல சாந்தாமணி, ஐம்பத்தாறு ஆச்சு, நாக்கும் கையும் முன்னாட்ட இருக்குமா? நான் ஏதாச்சும் சொன்னேனா? போடறதைத் தின்னுட்டுத்தானே இருக்கறேன்?"னு சொன்னேன். இதுக்கு மேல ஒரு புருசன் எப்பிடீங்க அனுசரணையா இருக்கறது?

அவ மறுநாளு டாக்டருகிட்டப் போயி நாக்கைக் காட்டிட்டு வந்தா. டாக்டரு சத்து மாத்திரை குடுத்தாரு.

இப்பத்தான் விசயம். வைகாசியில பல்லடத்துல இருந்து சம்பந்தி ஊட்டுல ஒரம்பரை வந்தாங்க. எங்க பொண்ணு அங்கதான் வாக்கப்பட்டிருக்கறா. சம்பந்தியம்மா வர்றப்பவே, "எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க, உங்க கையால அரிசியும்பருப்பு மட்டும் போதும்"னு சொல்லிட்டே வந்தாங்க. சாந்தாமணிக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. காத்தாலயே பருப்ப ஊற வெச்சா. சாமிக்கு வெளக்குப் பத்த வெச்சுட்டுத்தான் அடுப்பே பத்த வெச்சா. நானும் அன்னைக்கு முக்கியமான ஒரம்பரையாச்சேன்னு காருக்கு அஞ்சு பக்கெட் அலசல் குடுத்தேனுங்க.

இலை போட்டாச்சு. சோறு போட்டாச்சு. நெய் ஊத்தியாச்சு. சம்பந்தியம்மா ஒரு வாய் வெச்சாங்க. நறுக்குன்னு ஒரு சத்தம் எனக்கே கேட்டுது. பருப்பு கல்லாட்ட இருக்குது. அந்தம்மா நல்லவங்க. ஒவ்வொரு பருப்பா எடுத்து எலை ஓரத்துல வெச்சாங்க. வரிசையா. முடிச்சுட்டு, "அதனாலென்னங்க, அடுத்த தடவை நானே வந்து உங்களுக்கு ஆக்கிப் போடறனுங்க"ன்னாங்க. என்ற பொண்ணு தலையக் குனிஞ்சுக்கிட்டா. சாந்தாமணி சிரிச்சா. அந்தச் சிரிப்பு நல்லாவே இல்லீங்க.

கெளம்பறப்ப எல்லாரும் வாசலுக்கு வந்தாங்க. சாந்தாமணி தட்டுல வெத்தலை, குங்குமம், வாழப்பழம் வெச்சுக்கிட்டு நிக்கறா. சம்பந்தி என்ற காரைப் பாத்துட்டாரு. அவருது நீலம், பூராப் பொட்டு. காரைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தாரு. "ஏனுங்க சம்பந்தி, உங்கூருலயும் உப்புத் தண்ணிதானே? எப்பிடிங்க ஒரு கறை இல்லாம இப்பிடி?"ன்னு கேட்டாரு.

நாலு மாசமாச்சுங்க ஒருத்தர் வாயில இருந்து அந்தக் கேள்வி வர! எதுத்தவூட்டுல வாத்தியாரும் தின்னுட்டு இருந்த வாழப்பழத்தோட கேட்டுகிட்ட வந்து நின்னாரு. எனக்குத் தலை கால் புரியல. துணி எப்பிடிப் புடிக்கறது, எங்க இருந்து ஆரம்பிக்கறது, பிரேக்கு எங்க போடறது, எல்லாஞ் சொன்னேன். சொல்லிட்டு, "ஆனா ரகசியம் அது இல்லீங்க. கடைசி அலசலுக்கு டிரம்முல இருந்து நல்ல தண்ணி. எடுத்த அளவுக்குப் போர்த் தண்ணிய டிரம்முல ஊத்திட்டா மட்டங் கொறையாது, ஊட்டுல ஒருத்தருக்குந் தெரியாது. மூணு மாசமா நடக்குது, இது வரைக்கும் யாருங் கண்டுபுடிக்கல!"ன்னு சொன்னேன். தொடையில ஒரு தட்டு வேற தட்டிச் சிரிச்சேன்.

யாருஞ் சிரிக்கலீங்க.

சம்பந்தியம்மா எலையில ஒதுக்கின பருப்ப நெனச்சாங்களோ என்னமோ, மெதுவாத் திரும்பி சாந்தாமணியப் பாத்தாங்க. அவ தட்டை நீட்டினா. குங்குமம் குடுத்தா, வெத்தலை குடுத்தா, பொண்ணுக்குத் தலைய நீவி உட்டா. அவங்க கார் திரும்பற வரைக்கும் கையாட்டினா. அப்பறம் கேட்டைச் சாத்திட்டு உள்ள போயிட்டா.

மறுநாள் காத்தால ராக்கியப்பன் ஊட்டுக்குப் போனா. பத்து நிமிசம் பேசினா. மளிகைக்கடைக்குப் போனா, அங்க பத்து நிமிசம். ரெண்டு பேருகிட்டயும் மன்னிப்புக் கேட்டாளாம். வந்து பையை எடுத்தா, கோபி பஸ் ஏறிட்டா. என்றகிட்ட ஒரு வார்த்தை இல்லீங்க! கட்டின புருசன் நானு. பால்காரருக்குப் பத்து நிமிசம், எனக்கு ஒரு வார்த்தை கெடையாது. இதுதானுங்க எனக்குப் பொறுக்கல.

பதினேழு நாளு. ஊடு வெறிச்சோடிக் கெடக்குதுங்க. மெஸ்ல சாப்படறேன். கோலம் இல்லாத வாசல்ல நின்னு காரைக் கழுவறப்ப, முடிச்சு நிமுந்தா, "ஆச்சுங்களா? காப்பி ஆறுது"ன்னு கேக்கறதுக்கு ஆளில்ல. டிரம்மு ததும்பத் ததும்ப நல்ல தண்ணி நிக்குது. அதுல கை வெக்கவே புடிக்கலீங்க. இன்னைக்குக் காத்தால மட்டும் ரெண்டு பக்கெட் எடுத்தேன். அதையும் திருப்பி ஊத்தல, போதுங்களா?

அவகிட்ட என்ன சொல்றதுன்னு நல்லா யோசிச்சு வெச்சிருக்கறேன். "நாலு பக்கெட்டு தப்புதான் சாந்தாமணி, ஒத்துக்கறேன். இனிமே ஒண்ணே ஒண்ணு. அதையும் உன்றகிட்டச் சொல்லிப்போட்டுத்தான் எடுப்பேன்"னு சொல்லப் போறேன். எறங்கி வந்துட்டேன் பாத்தீங்களா? இதுக்கும் வர மாட்டேன்னா அப்பறம்... அப்பறம் எனக்குத் தெரியலீங்க. வந்துட்டாப் போதும். ஆமா, வந்துட்டாப் போதும்.

ஒரு நிமிசங்க, போனு. குன்னத்தூரு வந்துருச்சுங்களா? அட! சாந்தாமணிங்க! பதினேழு நாளுல மொதத் தடவை!

சொல்லு சாந்தாமணி... பஸ்ல. உன்னயக் கூட்டிட்டு வரத்தான்... எங்க இருக்கற?... நம்மூட்டுலயா? எப்ப வந்த?... அப்பிடியா... செரி... செரி... எத்தன பக்கெட்டு?... கவரை எடுத்துப்போட்டா?... தொடைக்கலியா?... இல்ல, இல்ல, நான் ஒண்ணுஞ் சொல்லல. கறை கெடக்குது, இருந்துட்டுப் போகட்டும். நீ வந்தியே, அது போதும். வர்றேன். இதா வர்றேன்.

கண்டக்டரு! ஏனுங்க, நிறுத்துங்க, எறங்கோணும்!

காத்தால மொதப் பஸ்ஸுலயே கெளம்பிட்டாளாமுங்க. நான் இந்தப் பக்கம் பஸ் ஏறியிருக்கறேன், அவ அந்தப் பக்கம் எறங்கியிருக்கறா. போனதும் காரு கவரை உருவிப் போட்டு, ஊட்டுல இருந்த இன்னொரு சாவியில தெறந்து, வெயில்ல தள்ளி நிறுத்தச் சொல்லி, பத்து பக்கெட் போர்த் தண்ணி. ஒரு எடம் உடாம. தள்ளினதும் தூக்கிக் குடுத்ததும் தெய்வசிகாமணி வாத்தியாரு. "தொடைக்காம அப்பிடியே உட்டிருக்கறேன், வெயில் பாத்துக்கும். டிரம்முல நல்ல தண்ணி இருந்துச்சு, அரிசியும்பருப்பு ஆக்கியிருக்கறேன், ஆறறதுக்குள்ள வந்து சேருங்க"ன்னு சொல்லிப்போட்டு வெச்சுட்டாளுங்க.

கோயமுத்தூரு பஸ்ஸு எந்தப் பக்கம் நிக்குமுங்க? எதுத்த பக்கமா? செரிங்க. கருப்புக் காரு, உச்சி வெயிலு, பத்து பக்கெட்டு. ஆனா நான் அவகிட்ட என்ன சொன்னேன், கேட்டீங்களா? கறை இருந்துட்டுப் போகட்டும்னு சொன்னேன். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருசத்துல அவகிட்ட நான் சொன்ன மொதப் பொய்யுங்க அது.